முட்டைக் காசு யார் கையில்? பண்ணைச் சுற்றுலாவும் பெண்களும்: ஓர் எளிய விளக்கம்

நாலு தென்னை மரம், ஒரு நீச்சல் குளம், வாசலில் வார்னிஷ் அடித்த மாட்டு வண்டி. இவ்வளவு இருந்தால் இன்று அதற்குப் பெயர் 'பண்ணைச் சுற்றுலா'. விளம்பரப் படத்தில் ஒரு பெண் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பார். கீழே, "கிராமத்துப் பெண்களின் வாழ்வு மலர்கிறது" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயர் பெரும்பாலும் தவறு. அங்கே இருப்பது விடுதி, பண்ணை அல்ல. அந்த வரி சில வீடுகளில் உண்மை, சில வீடுகளில் இல்லை. எந்த வீட்டில் உண்மை, ஏன் உண்மை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அதற்கு இத்தாலியை எடுத்துக்கொள்கிறேன். பண்ணைச் சுற்றுலா என்றால் என்ன என்று அங்கே சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. அதன் பெயர் அக்ரிதுரிஸ்மோ. இன்று அங்கே 25,000-க்கும் மேற்பட்ட அக்ரிதுரிஸ்மோக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒன்றைப் பெண்கள் நடத்துகிறார்கள். 60, 70 வருடங்களுக்கு முன்னால் அதே நிலங்களில் பெண்ணின் உழைப்பை ஆணின் உழைப்பில் பாதிக்குச் சற்று மேல் என்றுதான் கணக்குப் போட்டார்கள். அங்கிருந்து இங்கே எப்படி வந்தார்கள் என்பது, பண்ணைச் சுற்றுலா பற்றிப் பேசும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

## முதலில் சிறுவாடு

என் அப்பத்தா ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்த்தார். வாரம் ஒருமுறை முட்டைக்காரர் சைக்கிளில் வைக்கோல் பரப்பிய கூடையோடு வருவார். அப்பத்தா ஒவ்வொரு முட்டையையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பார். கிடைக்கும் காசு இடுப்பிலிருக்கும் சுருக்குப் பைக்குள் போகும். நெல் விற்ற பணம் தாத்தாவுடையது. எத்தனை மூட்டை, என்ன விலைக்குப் போனது என்று அப்பத்தாவிடம் யாரும் சொன்னதில்லை. முட்டைக் காசு எவ்வளவு என்று தாத்தாவும் கேட்டதில்லை. என் முதல் ஜியாமெட்ரி பாக்ஸ் அந்தச் சுருக்குப் பையிலிருந்துதான் வந்தது.

இந்தக் காசுக்குத்தான் சிறுவாடு என்று பெயர். வீட்டுப் பெண் தன் கைவேலையில் சம்பாதித்து, தானே வைத்துக்கொண்டு, தன் விருப்பப்படி செலவழிக்கும் சிறு பணம். தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆனால் விவசாயக் குடும்பம் என்றாலே அங்கே இரண்டு பணம் உண்டு என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒன்று பெரிய பணம்; வருடத்துக்கு ஓரிரு முறை வரும், ஆணின் கைக்குப் போகும். இன்னொன்று சின்னப் பணம். வாராவாரம் வரும், பெண்ணின் கையில் தங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிது.

## டஸ்கனியின் கோழிக்கூடு

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்த முறை மெட்ஸத்ரியா. நம்மூர் வாரச் சாகுபடியைப் போன்றதுதான். நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. தாத்தா பாட்டி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கல்வீட்டில் இருப்பார்கள். கீழே மாட்டுக் கொட்டில், மேலே மனிதர்கள்.

அந்த வீட்டில் இரண்டு தலைகள். கப்போச்சா என்பவர் குடும்பத்தின் மூத்த ஆண். பண்ணையாரிடம் கணக்குப் பேசுவதும் சந்தைக்குப் போவதும் அவர் வேலை. மஸ்ஸாயா என்பவர் பெண்களின் தலைவி, பெரும்பாலும் கப்போச்சாவின் மனைவி. அடுப்பு, மாவுப் பெட்டி, காய்கறித் தோட்டம், கோழிக்கூடு எல்லாம் அவர் பொறுப்பு. முட்டையும் கோழியும் விற்ற காசு அவர் கையில்தான் இருக்கும். உப்பு, ஊசி நூல், பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் அதிலிருந்துதான். அப்பத்தாவின் சுருக்குப் பை இத்தாலியிலும் இருந்திருக்கிறது என்று முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

அந்தக் கோழிக்கூட்டுக்குள்ளும் பண்ணையாரின் கை நீளும். வருடத்துக்கு இத்தனை முட்டை, பண்டிகைக்கு இத்தனை கோழி கொடுக்க வேண்டும் என்று மெட்ஸத்ரியா ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்த மருமகள்களுக்கு அந்தச் சிறு காசு கூடக் கிடையாது. மஸ்ஸாயா கொடுத்தால்தான் உண்டு.

## 0.6

1930-களில் ஆரிகோ செர்பியேரி என்ற வேளாண் பொருளியலாளரின் பெயரால் ஓர் அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பண்ணைக் குடும்பத்தின் மொத்த உழைப்புத் திறன் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். வயது வந்த ஆணுக்கு 1. வயது வந்த பெண்ணுக்கு 0.6.

இதை ஏதோ பழங்காலத்து ஏளனப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. காகிதத்தில் ஏறிய கணக்கு இது. களை எடுத்தது, திராட்சை பறித்தது, கதிர் கட்டியது எல்லாம் சேர்த்துத்தான் 0.6. சமையல், துணி, பிள்ளை, கிழவர்கள், கோழி, பன்றி இவையெல்லாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1964-ல்தான் சட்டம் அந்த எண்ணை நீக்கி, வயல் வேலையில் ஆணும் பெண்ணும் சமம் என்று சொன்னது. புதிதாக மெட்ஸத்ரியா ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்ததும் அதே வருடம்தான்.

## பெண்கள் கிளம்பிப் போனார்கள்

சட்டம் வருவதற்குள் பெண்கள் முடிவெடுத்துவிட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் இத்தாலியில் ஆலைகள் பெருகின. மாமியாரின் அடுப்படியிலும் பண்ணையாரின் கணக்கிலும் சிக்கிக் கிடப்பதைவிட, மாதம் பிறந்தால் தன் பெயரில் சம்பளம் வரும் ஆலை வேலை எவ்வளவோ மேல் இல்லையா? வடக்கே பியெட்மான்ட் பகுதியின் லாங்கே மலைகளில், ஆல்பா நகரத்து ஃபெரேரோ சாக்லேட் ஆலை ஊர் ஊராகப் பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துப் போனது. அதில் ஏறிய இளம்பெண்கள் பலர் விவசாயியைக் கட்டிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மலைக் கிராமங்களில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஆண்கள் நாற்பது வயதிலும் கல்யாணம் ஆகாமல் இருந்தார்கள். தரகர்கள் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியா வரை போய்ப் பெண் பார்த்தார்கள். புகைப்படம் கைமாறியது, ரயிலேறி மணப்பெண் வந்தாள். கொங்கு நாட்டு விவசாயி வீடுகளில் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கம் போய்த் தேடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டஸ்கனியில் ஆயிரக்கணக்கான கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்று காலண்டர் படங்களில் நாம் ரசிக்கும் அதே வீடுகள்தான்.

இதுவரை வந்ததைக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம். பண்ணைக் குடும்பத்தில் பெண்ணின் உழைப்பு நிறைய, மதிப்பு குறைவு, கைக்காசு அதைவிடக் குறைவு. அதனால் பெண்கள் வெளியேறினார்கள். பெண்கள் வெளியேறியதும் பண்ணையே ஆட்டம் கண்டது.

## அக்ரிதுரிஸ்மோ என்பது என்ன

காலி வீடுகளும் நலிந்த விவசாயமும் ஒரு பக்கம். நகரத்தில் அடைபட்டுக் கிராமத்துக்கு ஏங்கும் மக்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்க 1960-களிலேயே முயற்சி தொடங்கியது. 1985-ல் முதல் தேசியச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2006-ன் சட்டம்.

அந்தச் சட்டம் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்: விருந்தினரை வைத்துக்கொள்பவர் முதலில் விவசாயியாக இருக்க வேண்டும். தங்க வைப்பது பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தில்தான். சுற்றுலாவுக்கென்று புதிதாக ஒரு விடுதி எழுப்பிவிட முடியாது. சாப்பாட்டில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையிலும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலும் விளைந்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விவசாயமே அங்கே பெரிய தொழிலாக இருக்க வேண்டும், சுற்றுலா அதோடு இணைந்த சிறு தொழிலாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை 'முதன்மை விதி' என்று வைத்துக்கொள்வோம்.

விடுதிக்கும் பண்ணைக்கும் உள்ள வித்தியாசம் இந்த விதியில்தான் இருக்கிறது. நாளைக்கே விருந்தினர் வருவது நின்றுபோனாலும் அங்கே ஆலிவ் காய்க்கும், மாடு கறக்கும். நீச்சல் குளமும் மாட்டு வண்டியும் உள்ள இடத்தில் விருந்தினர் நின்றால் மறுநாள் எதுவும் நடக்காது.

சரி, விவசாயம்தான் பெரியது என்று எப்படி அளப்பது? வருமானத்தை வைத்து என்று நினைப்போம். ஆனால் 2006-ன் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது வேலை நேரத்தை. பல பிராந்தியங்களில் இதற்கென அரசு அட்டவணை இருக்கிறது. ஒரு ஹெக்டேர் திராட்சைக்கு வருடத்தில் இத்தனை மணி நேரம், ஒரு கறவை மாட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் கூட்டுவார்கள். படுக்கை தயார் செய்ய, சாப்பாடு பரிமாற இத்தனை மணி நேரம் என்று இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக் கூட்டல் பெரிதாக இருக்க வேண்டும். பத்து விருந்தினருக்கு மேல் போகாத சின்னப் பண்ணைக்கு இந்தக் கணக்கிலிருந்து விலக்கு. அங்கே விவசாயமே முதன்மை என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

அந்த அட்டவணையை நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பது, காலை உணவு வைப்பது, பாத்திரம் கழுவுவது. செர்பியேரியின் கணக்கில் இவற்றுக்கு எண்ணே கிடையாது. இப்போது அரசாங்கக் காகிதத்தில் மணிக்கணக்காக நிற்கின்றன. கிராமத்துப் பெண்ணின் வீட்டு வேலை தொழில் என்ற பெயரோடு ஏட்டில் ஏறியது இப்படித்தான்.

## அதே முட்டை, வேறு வழி

இனி பணம் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். இதற்கு ஒரு சொல் தேவை: மதிப்புக்கூட்டல். விளைந்த பொருளை அப்படியே விற்காமல், அதில் வேலையைச் சேர்த்து அதிக விலைக்கு விற்பது. நெல்லை விற்பதற்கும் முறுக்குச் சுட்டு விற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மஸ்ஸாயாவின் முட்டை வியாபாரியிடம் போனால் முட்டை விலைதான் கிடைக்கும். அதே முட்டையையும் சொந்தக் கோதுமை மாவையும் பிசைந்து, பலகையில் நீள உருளைக்கட்டையால் மெல்லியதாகத் தேய்த்து, கத்தியால் வெட்டி தல்யத்தெல்லே என்ற பாஸ்தாவாக விருந்தினர் தட்டில் வைத்தால் கிடைப்பது சாப்பாட்டு விலை. அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தால் வகுப்புக் கட்டணம். முட்டை ஒன்றுதான், கூடியது அவர் கைவேலை. மாமியாரிடம் அடுப்படியில் நின்று கற்ற அந்த வேலைக்கு முன்பு யாரும் காசு கொடுத்ததில்லை.

பணம் வரும் வேகமும் மாறுகிறது. கோதுமைப் பணம் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் வியாபாரி கொடுக்கும்போது. விருந்தினர் பணம் வாராவாரம், கிளம்பும்போதே கையில். வரவேற்பவரும் விடைகொடுப்பவரும் யாரோ, காசு முதலில் அவர் கைக்கு வரும். பெரும்பாலான வீடுகளில் அது பெண். சின்னப் பணம் வளர்ந்து பெரிய பணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது இந்த வழியில்தான்.

## சனிக்கிழமை

டஸ்கனியில் கோடையில் பல அக்ரிதுரிஸ்மோக்கள் வாரக் கணக்கில்தான் அறை கொடுக்கும். சனிக்கிழமை வந்தால் அடுத்த சனிக்கிழமை வரை. அப்படிப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பழைய விருந்தினர் கிளம்ப வேண்டும். சாயங்காலம் புதியவர்கள் வந்துவிடுவார்கள். நடுவில் எல்லா அறைகளின் விரிப்பும் உருவி, துவைத்து, முற்றத்துக் கொடியில் காயப்போட்டு, மறுபடி விரிக்க வேண்டும். அதே வாரம் திராட்சை அறுவடை. மழை வருவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் கணவரும் கூலியாட்களும் தோட்டத்தில். அவர்களுக்கு மதியச் சாப்பாடு. மாடியில் படுத்திருக்கும் மாமனாருக்கு மருந்து. ஜெர்மனியிலிருந்து வருபவர் தொலைபேசியில் வழி கேட்பார், அவருக்கு ஜெர்மனில் பதில்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். பண்ணைச் சுற்றுலா வந்ததும் பெண்ணின் பழைய வேலை எதுவும் போய்விடவில்லை. வயல், வீடு என்று இரண்டு ஷிப்ட் இருந்தது. விருந்தினர் என்று மூன்றாவதும் சேர்ந்தது. வீட்டு ஆண்கள் டிராக்டர், திராட்சைக் கொடி வெட்டுவது, வைன் சுவைக்கத் தருவது என்று பழைய பக்கத்திலேயே இருந்துவிட்டால், வருமானம் கூடும், பெண்ணின் உறக்கம் குறையும். விருந்தினருக்கு விரிக்கும் படுக்கை அரசு அட்டவணையில் மணி நேரமாக ஏறும். மாமனாருக்கு விரிக்கும் படுக்கை இன்றும் எதிலும் ஏறாது.

மூன்று ஷிப்டுக்கும் ஆள் போதாமல், நன்றாகப் போய்க்கொண்டிருந்த சாப்பாட்டை நிறுத்திவிட்டு அறை மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பின்னடைவாகத் தெரியலாம். எனக்கு அது அந்த வீட்டுப் பெண் தன் உழைப்புக்குத் தானே போட்ட வரம்பாகத்தான் தெரிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பண்ணைச் சுற்றுலா பெண்ணின் வீட்டு வேலைக்குச் சந்தையில் விலை வாங்கித் தருகிறது. ஆனால் வேலையைப் பகிர்ந்து தருவதில்லை. பகிர்வதும், வந்த காசு யார் கணக்கில் சேர்கிறது என்பதும் வீட்டுக்குள்ளே, அப்புறம் சட்டப் புத்தகத்துக்குள்ளே தீர்மானமாகும் விஷயங்கள்.

## உரிமம் யார் பெயரில்?

1975-ல் இத்தாலியின் குடும்பச் சட்டம் அடியோடு மாறியது. கணவனே குடும்பத் தலைவன் என்ற நிலை போய், கணவனும் மனைவியும் சமம் என்றானது. அதோடு சிவில் சட்டத்தில் 230-பிஸ் என்ற ஒரு பிரிவு சேர்ந்தது. 'குடும்பத் தொழில்' என்பதற்கான பிரிவு அது. ஒரு குடும்பத்தின் தொழிலில் தொடர்ந்து உழைப்பவருக்கு, அவர் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும், லாபத்தில் பங்கு உண்டு. அந்த லாபத்தில் வாங்கிய சொத்திலும் பங்கு உண்டு. பங்கின் அளவு உழைப்பின் அளவைப் பொறுத்தது. லாபத்தை என்ன செய்வது என்பதை உழைப்பவர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்ய வேண்டும். அதே பிரிவில், பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்குச் சமம் என்று ஒரு தனி வாக்கியமே இருக்கிறது. 0.6 ஏட்டில் இருந்த நாட்டில் அந்த வாக்கியத்தை எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

2006-ன் அக்ரிதுரிஸ்மோ சட்டம், விருந்தோம்பல் வேலையை யார் செய்யலாம் என்று சொல்லும்போது இந்த 230-பிஸ் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விவசாயியும், அந்தப் பிரிவின்படியான அவர் குடும்பத்தினரும் செய்யலாம் என்கிறது. 'கூடமாட உதவி செய்யும் மனைவி' என்று சட்டத்தின் கண்ணில் இப்போது யாரும் இல்லை. லாபத்தில் பங்குள்ள உழைப்பாளிதான் இருக்கிறார்.

ஆனாலும் பத்திரத்தின் பலம் தனி. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய தெற்கு டிரோல் மலைப்பகுதி இத்தாலியிலேயே அக்ரிதுரிஸ்மோ அதிகமுள்ள இடங்களில் ஒன்று. அங்கே 'மூடிய பண்ணை' என்ற பழைய வழக்கம் உண்டு. நிலத்தைத் துண்டு போடாமல் முழுவதையும் ஒரே வாரிசுக்குக் கொடுப்பது. மலைச்சரிவில் துண்டான நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஒரே வாரிசு தலைமுறை தலைமுறையாக மகன்தான். 2001-ல் வந்த மாகாணச் சட்டத்தில்தான் மகனுக்கிருந்த முன்னுரிமை நீங்கியது. பழக்கம் சட்டத்தைவிட மெதுவாக நகர்வதால், அங்கே விருந்தினரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மருமகளாகவும், பண்ணை கணவர் பெயரிலும் இருக்கிறது. புள்ளிவிவரம் உரிமத்தில் உள்ள பெயரைத்தான் எண்ணும். 'மூன்றில் ஒன்று பெண்கள் நடத்துவது' என்ற கணக்கைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். மீதமுள்ள வீடுகளிலும் விரிப்பை மாற்றுவது பெரும்பாலும் பெண்தான்.

## ஊர் மாறிய விதம்

விருந்தினர் வரத் தொடங்கியதும் கிராமத்தில் முதலில் மாறுவது பேச்சு. பஸ் ஏறி ஆலைக்குப் போன அம்மாவின் மகள், படித்து முடித்து, இரண்டு மொழி கற்று, பாட்டி வீட்டுக்கே திரும்பி வந்து மாட்டுக் கொட்டிலை அறையாக மாற்றுகிறாள். அவள் திரும்பி வருவது விவசாயத்துக்கு மட்டும் என்றால் வந்திருக்க மாட்டாள். மாமியாரின் கீழே வேலை செய்ய என்றாலும் வந்திருக்க மாட்டாள். தன் பெயரில் ஒரு தொழில் இருப்பதால் வருகிறாள்.

எல்லாம் நல்லதாகவே நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கியான்டி போன்ற புகழ்பெற்ற பகுதிகளில் வெளிநாட்டுப் பணம் பாய்ந்து, உள்ளூர் இளைஞர் வீடு வாங்க முடியாத விலைக்குப் போனது. 2020-ல் கொரோனா வந்து எல்லை மூடியபோது விருந்தினரையே நம்பிய வீடுகள் திணறின. விவசாயத்தை விடாமல் வைத்திருந்த பண்ணைகளில் அறுவடை நடந்தது. முதன்மை விதி யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று அந்த வருடம் புரிந்தது.

தெற்கு டிரோலில் பண்ணைப் பெண்களுக்கென்று 1981 முதலே ஓர் அமைப்பு இருக்கிறது. 2000-களின் நடுவில் அவர்கள் மத்தியிலிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முறையான பயிற்சி எடுத்த பண்ணைப் பெண்கள், வேலைக்குப் போகும் பெற்றோரின் சிறு பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கோழிக்குத் தீனி போடுகின்றன, தோட்டத்தில் கேரட் பிடுங்குகின்றன, மதியம் அந்த வீட்டு மேசையிலேயே சாப்பிடுகின்றன. பிள்ளை வளர்ப்பு என்பது பண்ணைப் பெண் காலங்காலமாகக் கூலியே இல்லாமல் செய்த வேலை. இங்கே அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது, மாதக் கடைசியில் பணம் அவர் பெயருக்கு வருகிறது.